ரோட்டரி இன்ஜின்: ஆயில் மூடியில் வெள்ளைப் பசை இருந்தால் இன்ஜினை இறக்க வேண்டுமா?

சரி, அடுத்த கேள்வி. கருங்கல்காரத் தம்பி ஒருவர் ஓமனில் உள்ள சலாலாவில் இருந்து கேட்டிருக்கிறார். "அண்ணா, 2009 மாடல் மஸ்தா ஆர்எக்ஸ்-8 வைத்திருக்கிறேன். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் தயிர் மாதிரி வெள்ளையாகப் பிடித்திருக்கிறது. கூலன்டும் கொஞ்சம் குறைகிறது. இங்கே ஒரு ஒர்க்ஷாப்பில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?"

சம்மதிக்காதீர்கள் தம்பி. வண்டியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் இன்ஜினில் ஹெட், அதாவது சிலிண்டருக்கு மேல் வருகிற மூடி, கிடையாது, அதனால் அதன் அடியில் வைக்கிற ஹெட் கேஸ்கெட்டும் கிடையாது. பிஸ்டன், வால்வு எதுவும் இல்லாமல் முக்கோணமாக இரண்டு ரோட்டர் சுற்றுகிற இன்ஜின் அது. ஒன்றுக்கு 654 சிசி, சேர்த்து 1308. நம் வீட்டுப் புட்டுக்குழலில் மாவும் தேங்காயும் மாறி மாறிப் போடுவோமே, அப்படித்தான் வார்ப்பிரும்புத் தட்டு, அலுமினிய ஹவுசிங், மறுபடி இரும்பு, அலுமினியம், இரும்பு என்று ஐந்து துண்டை அடுக்கி, நீளமான போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் கூலன்ட் வெளியே வராமல் பிடிப்பது ரப்பர் வளையங்கள், கூலன்ட் சீல் என்போம். வண்டி ஒரு தடவை நன்றாகச் சூடேறிப் போனால் இரும்பும் அலுமினியமும் வேறு வேறு அளவில் விரியும், அடி முழுக்க அந்த வளையத்துக்குத்தான்.

இனி அந்த வெள்ளைப் பசை. ஆர்எக்ஸ்-8-இல் ஆயில் ஊற்றும் குழாய் உயரமாக, இன்ஜின் சூட்டில் இருந்து தள்ளி நிற்கும். உள்ளே இருக்கிற ஈர ஆவி அந்தக் குளிர்ந்த இடத்தில் போய்த் தண்ணீராகி ஆயில் நுரையோடு சேர்ந்தால் தயிர் மாதிரிதான் நிற்கும். இங்கே திற்பரப்பில் சாரல் அடிக்கிற அதே தென்மேற்குப் பருவம்தான் அங்கே சலாலாவில் கரீஃப் என்கிற சாரல் காலம். ரூமில் இருந்து கடை வரை இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் இன்ஜின் சூடாகவே ஆகாது, அந்த ஈரம் எப்படிப் போகும்? மூடியையும் குழாயையும் துணியால் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் நல்ல ரோட்டில் ஓட்டி, அப்புறம் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, இழுத்துப் பாருங்கள். அதில் ஆயில் தெளிவாக இருந்தால் அந்தப் பசை வெறும் ஈரம்தான். டிப்ஸ்டிக்கிலும் பால் காபி நிறம் வந்தால் கவலைப்பட வேண்டும். சந்தேகமாக இருந்தால் பழைய தகரம் ஒன்றை வெளியில் வைத்துச் சூடாக்கி ஒரு சொட்டு ஆயில் விடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று பொரியும்.

ஆனால் ஆயில் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக இன்ஜின் தப்பித்தது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேதான் நிறைய மெக்கானிக்குகளுக்கும் தப்பிப் போகிறது, இதைக் கவனமாகக் கேளுங்கள். நான் சொன்ன ரப்பர் வளையங்களில் உள்பக்க வளையம் போனால் கூலன்ட் முதலில் போவது பெட்ரோல் எரிகிற அறைக்குள். ஆயில் இருப்பதோ ரோட்டரின் பக்க சீல், ஆயில் சீல் இவற்றுக்கு அந்தப் பக்கம். அதனால் கூலன்ட் சீல் கெட்ட பிறகும் ஆயில் நாள்கணக்கில் நன்றாகவே தெரியலாம், நோய் தெரிவது கூலன்ட் டேங்கில். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி மிஸ்ஸிங் அடித்து, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வருகிறதா? இரவு முழுக்க நின்ற வண்டியில் ரேடியேட்டர் ஹோஸ் இறுகி நிற்கிறதா? ஓடும்போது டேங்கில் குமிழி ஓயாமல் வருகிறதா? சூடாக இருக்கும்போது மட்டும் டேங்க் மூடியைத் திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துபோகும்.

இதை உறுதி செய்ய, டேங்க் வாயில் வைத்துப் பார்க்கிற நீலத் திரவ டெஸ்ட் ஒன்று இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். அதைவிட எனக்கு நம்பிக்கை பிரஷர் டெஸ்டில். ஆறின இன்ஜினில், கூலன்ட் டேங்க் மூடியில் அச்சிட்டிருக்கிற அளவுக்கு மட்டும் கூலன்ட் பக்கம் பம்பால் பிரஷர் ஏற்றி இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் நான்கு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கிற பிளக் எந்த ரோட்டருக்கு உரியதோ, நோய் அதில். கம்ப்ரஷன் பார்த்தோம், நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது ரோட்டர் சீலுக்கான பதில், கூலன்ட் சீலுக்கானது இல்லை.

ஆயிலில் பெட்ரோல் கலப்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த இன்ஜின் ரோட்டர் முனை சீல்களுக்காகத் தானே கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிக்கும், குறைவதுதான் முறை. ஆயில் குறையவே இல்லை, அல்லது ஏறுகிறது என்றால் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து நாலடி நகர்த்தி அணைக்கிற பழக்கம் இருந்தால் பெட்ரோல் உள்ளே நிறைந்துவிடும், சீலில் இருக்கிற ஆயிலையும் கழுவிவிடும். அப்படி வாடை அடித்தால் ஆயிலை மாற்றுங்கள், அந்தப் பழக்கத்தையும் விடுங்கள்.

மஸ்கட்டில் நான் வேலை பார்த்த ஒர்க்ஷாப்பில் மூடியில் இருந்த பசையை மட்டும் பார்த்து ஓர் ஆர்எக்ஸ்-8 இன்ஜினைப் பிரித்தோம். டிப்ஸ்டிக்கை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வளையம் எல்லாம் நன்றாக இருந்தது. வண்டிக்காரர் நம் ஊர்க்காரர், மாதச் சம்பளக்காரர், அவர் பணம் கட்டிவிட்டுப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

ஒன்று விட்டுப் போச்சு, நம் ஊரில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் பொடி போடுகிற வழக்கத்தை இதில் செய்யாதீர்கள், லீக் அடைக்கிற மருந்தும் ஊற்றாதீர்கள், உள்ளே இருக்கிற சின்ன வழிகள் அடைந்துபோகும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், சரியான கூலன்ட்தான். நாளைக் காலை ஸ்டார்ட் பண்ணும் முன் அந்த ஹோஸை அமுக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள் தம்பி, இறுகியிருந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள்.