நாடிக்குச் சலுகை உண்டு, பிரஷருக்குக் கிடையாது

நேயர்களுக்கு வணக்கம்.

தினமும் ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்கள், ஜிம்முக்குப் போகிறவர்கள் மருத்துவரிடம் கொண்டுவரும் சந்தேகங்களில் இரண்டு அடிக்கடி வரும். ஒன்று: "டாக்டர், காலையில எழுந்ததும் வாட்ச் 47ன்னு காட்டுது. இதயம் நின்னுடுமோன்னு பயமா இருக்கு." இன்னொன்று: "பிரஷர் 148க்கு 94 இருந்துச்சு. ஆனா நான்தான் தினமும் ஓடுறேனே, அது ஒண்ணும் செய்யாது, இல்லையா?" முதலாமவர் வீணாகத் தூக்கத்தைத் தொலைக்கிறார். இரண்டாமவர் பட வேண்டிய கவலையைத் தள்ளிப்போடுகிறார். சில சமயம் இரண்டு பேரும் ஒரே ஆள். பயிற்சி செய்கிற உடம்புக்கு நாடித்துடிப்பில் தனிக் கணக்கு உண்டு. ரத்த அழுத்தத்தில் கிடையாது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

நாடியை முதலில் பார்த்துவிடுவோம். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு வரை இயல்பு என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதன் மேல் எல்லை கொஞ்சம் தாராளம் என்பது என் எண்ணம். ஓய்விலேயே எப்போதும் 95ல் ஓடும் நாடியைப் பார்த்து, வரம்புக்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிட எனக்கு மனம் வராது. கீழ் எல்லையோ பயிற்சி உள்ளவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. நீண்ட தூரம் ஓடுகிறவர்களிடம் 40க்கும் 60க்கும் இடைப்பட்ட நாடி சர்வசாதாரணம்.

ஏன் குறைகிறது? சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் வேண்டும். பயிற்சி இல்லாத இதயம் ஒரு துடிப்பில் சுமார் 70 மில்லிலிட்டர் தள்ளுகிறது. 70 முறை துடித்தால் 4,900 மில்லிலிட்டர், கணக்குச் சரி. ஆண்டுக்கணக்கில் ஓடியவருக்கு ரத்தத்தின் மொத்த அளவே கூடுகிறது. இதயத்தின் இடது கீழறை சற்றே விரிந்து நன்றாக நிரம்புகிறது. ஒரு துடிப்புக்கு 100 மில்லிலிட்டர் போகிறது. அதே 5 லிட்டருக்கு 50 துடிப்பு போதும். கூடவே, துடிப்பை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பின் பிடியும் இறுகுகிறது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் இதயக்கணுவும் பயிற்சியால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் ஹென்ஷென் 1899லேயே பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியை வைத்தே அவர்களுடைய இதயம் பெரிதாகியிருப்பதைக் கண்டு எழுதினார். 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற ஸ்பெயின் வீரர் மிகேல் இந்துராயினின் ஓய்வு நாடி 28 என்று சொல்வார்கள். அந்த எண்ணை இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம். அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. தினமும் நன்றாக நடக்கிற ஒருவருக்கு நாடி 68லேயே நிற்கலாம். எடை தூக்குகிறவர்களுக்கு ஓட்டக்காரர்கள் அளவுக்கு நாடி இறங்குவதில்லை. பெண்களுக்குப் பொதுவாக ஆண்களைவிடச் சில துடிப்புகள் கூடுதலாக இருக்கும். நண்பரின் வாட்சையும் உங்கள் வாட்சையும் ஒப்பிட்டு யாருடைய இதயம் உசத்தி என்று முடிவு கட்டுவது வீண் வேலை.

ஒப்பிட வேண்டியது உங்களையும் உங்களையுமேதான். காலையில் விழித்ததும், எழுவதற்கு முன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வாரம் எண்ணினால் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமெடுப்பதும் வெளிவிடும்போது தணிவதும் விரலுக்கே தெரியலாம். பயந்துவிடாதீர்கள், அது நல்ல இதயத்தின் குணம். வாட்ச் காட்டுவதும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அது தோலுக்கடியில் ஒளியைப் பாய்ச்சி எண்ணுகிற கருவி. பட்டை தளர்ந்திருந்தாலும், துடிப்பு தாளம் தப்பினாலும் தவறாக எண்ணிவிடும். சந்தேகம் வந்தால் விரலை நம்புங்கள்.

வழக்கமான எண் தெரிந்த பிறகுதான் நாடி நமக்குப் பயன்படும். 54ல் இருக்கிறவருக்கு இரண்டு மூன்று நாளாக 64 காட்டுகிறது என்றால் உடம்பு எதையோ சொல்கிறது. காய்ச்சல் வரப்போகலாம். ஒரு டிகிரி செல்சியஸ் காய்ச்சலுக்கு ஏறக்குறைய 10 துடிப்பு கூடும். தூக்கக் குறைவு, நீர் வற்றல், முந்தின இரவு குடித்த மது, ஓய்வே இல்லாமல் ஏற்றிக்கொண்டுபோன பயிற்சி என்று காரணம் எதுவும் இருக்கலாம். அன்றைக்குக் கடும் பயிற்சி வேண்டாம். வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால் ரத்தசோகை, தைராய்டு மிகைப்பு போன்றவற்றைப் பரிசோதிக்க வேண்டும்.

குறைந்த நாடி எப்போது கவலைக்குரியது? எண்ணைவிட அதோடு சேர்ந்து வருவதைப் பாருங்கள். தலைசுற்றல், மயக்கம், முன்பு எளிதாக ஏறிய மாடியில் இப்போது மூச்சு வாங்குவது, காரணமில்லாத களைப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் 47 என்பது வேறு செய்தி. பயிற்சியே இல்லாத ஒருவருக்குத் திடீரென நாடி 45க்கு இறங்கினாலும் அப்படித்தான். தைராய்டு குறைவு, சில மாத்திரைகள், இதயத்தின் மின்பாதையில் தடை என்று பல காரணங்கள் உண்டு. மருத்துவர்கள் செய்யும் ஓர் எளிய சோதனை: நடக்கவோ படியேறவோ வைத்துத் துடிப்பைப் பார்ப்பார்கள். பயிற்சியால் குறைந்த நாடி, வேலை வந்ததும் சட்டென்று ஏறும். நோயால் குறைந்தது ஏறத் திணறும். ஓட்டக்காரரின் ஈசிஜியில் ஓய்வில் தெரியும் சிறு தாமதங்கள்கூட இப்படி எழுந்து நடந்ததும் மறைந்துவிடும். அதனால் ஈசிஜி எடுக்கும்போது, கேட்காவிட்டாலும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஏறுவதைப் போலவே இறங்குவதும் கவனிக்கத்தக்கது. கடும் முயற்சியை நிறுத்திய முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது? 1999ல் வெளிவந்த, பெரிதும் பேசப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வு, அந்த ஒரு நிமிடத்தில் 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்கியவர்களுக்கு அடுத்த ஆண்டுகளில் உயிராபத்து கூடுதலாக இருந்ததைக் காட்டியது. பயிற்சி உள்ளவர்களுக்கு 25, 30 என்று சர்ரென இறங்கும். 220லிருந்து வயதைக் கழித்து உச்சத்துடிப்பு கண்டுபிடிக்கும் கணக்கை மட்டும் அவ்வளவாக நம்பாதீர்கள். சராசரிக்கு அது சரி. தனி ஆளுக்கு 10, 12 துடிப்பு இப்படியோ அப்படியோ போவது சாதாரணம்.

பயிற்சிக்கு ஆதரவாக இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. அதே ஸ்வீடனில் வாசாலோப்பெட் என்ற 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கிறது. 1989 முதல் 1998 வரை அதை முடித்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதிக முறை பந்தயத்தை முடித்தவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் இதயத்துடிப்பு தாளம் தப்பும் கோளாறு கூடுதலாக இருந்தது. வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் பயிற்சி செய்கிறவர் இதைக் கேட்டு ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. பல ஆண்டுகளாகக் கடுமையாகப் போட்டிகளுக்குப் போகிறவருக்கு, நாடி ஒழுங்கில்லாமல் குதிப்பதுபோல் தோன்றினால் அலட்சியம் கூடாது. அவ்வளவுதான்.

இப்போது பிரஷருக்கு வருகிறேன். இதயம் சுருங்கும்போது தமனியில் எழும் அழுத்தம் மேல் எண், தளரும்போது மிஞ்சி நிற்பது கீழ் எண். 120க்கு 80க்குக் கீழே இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு நிம்மதி. எங்கிருந்து உயர் ரத்த அழுத்தம் என்பதில் வல்லுநர்களிடையே ஒற்றுமை இல்லை. அமெரிக்க வழிகாட்டி 2017 முதல் 130க்கு 80 என்கிறது. ஐரோப்பிய வழிகாட்டி 140க்கு 90ல் நிற்கிறது. வீட்டில் நிதானமாக அளந்த சராசரி 135க்கு 85ஐத் தொட்டால் அதை ஐரோப்பியக் கணக்கும் உயர்வு என்றே எடுத்துக்கொள்ளும். இந்தப் பட்டியல்கள் எதிலும் 'தினமும் ஓடுகிறவர்களுக்கு' என்று தனி வரிசை கிடையாது. மூளையின் மெல்லிய ரத்தக்குழாய்க்கும் சிறுநீரகத்தின் வடிகட்டிக்கும் நீங்கள் மாரத்தான் ஓடுவது தெரியாது. 148 என்றால் 148ன் அடிதான் அவற்றின் மேல் விழும்.

உடற்பயிற்சி பிரஷரைக் குறைக்கும், உண்மைதான். உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒழுங்கான ஓட்டமோ வேகநடையோ மேல் எண்ணைச் சராசரியாக 5 முதல் 8 வரை இறக்கும். நல்ல பலன். ஆனால் 155ல் இருக்கிறவரை அது மட்டும் 130க்குக் கொண்டுவராது. பெற்றோர் இருவருக்கும் பிரஷர் இருந்தது, உணவில் உப்பு அதிகம், இரவில் குறட்டையோடு மூச்சு தடைப்படுகிறது என்றால் ஓட்டம் ஒரு பக்கம் இறக்க, மற்றவை மறுபக்கம் ஏற்றும். விளையாடுகிறவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. முழங்கால் வலிக்கு வாரக்கணக்கில் தாங்களே வாங்கி விழுங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். மூக்கடைப்பு மாத்திரைகளில் சிலவும் ஏற்றும், காஃபீன் நிரம்பிய ஊக்க பானங்களும் ஏற்றும். தசை வளர்க்கக் கள்ளத்தனமாக எடுக்கும் ஸ்டீராய்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜிம்மில் பயிற்சி எடுக்கும் இளைஞருக்குப் பிரஷர் உயர்ந்திருந்தால் நான் முதலில் கேட்பது, டப்பாவில் என்ன வாங்கிச் சாப்பிடுகிறீர்கள் என்பதுதான்.

அளப்பதில் நடக்கும் குளறுபடிகளும் ஏராளம். பயிற்சி முடிந்த கையோடு அளந்தால் எண் கூடுதலாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அளந்தால் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். அந்தத் தணிவு பல மணி நேரம் நீடிக்கும். காலையில் ஓடிவிட்டு ஒன்பது மணிக்கு அளந்து "எனக்கு நார்மல்" என்று சொல்கிறவர் தன்னையே ஏமாற்றிக்கொள்ளக்கூடும். ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குக் காபியும் புகையும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை இதய உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். மடியில் வைத்தாலும் தொங்கவிட்டாலும் எண் கூடிக் காட்டும். பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். புஜம் பருத்தவர்கள் முக்கியமாகக் கேளுங்கள்: சிறிய பட்டையைப் பெரிய கையில் இறுக்கிக் கட்டினால் பிரஷர் இல்லாதவருக்கும் பிரஷர் வந்துவிடும். பெரிய அளவுப் பட்டை கேட்டு வாங்குங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். உயரமான, விளையாட்டில் ஈடுபடும் இளைஞர்கள் சிலருக்கு மேல் எண் மட்டும் 140ஐத் தாண்டும், கீழ் எண் 70 என்று சமர்த்தாக இருக்கும். தமனி நன்றாக மீள்தன்மையோடு இருப்பதால் கையை எட்டும்போது அலை பெருகிவிடுகிறது, இதயத்தருகே அழுத்தம் இயல்புதான் என்பது ஒரு விளக்கம். எல்லோரும் அதை ஏற்கவில்லை. அதனால் அதை நீங்களாக முடிவு செய்யாமல், 24 மணி நேரமும் பிரஷரை அளக்கும் கருவி கட்டிப் பார்ப்பது நல்லது.

பயிற்சியின்போது ஏறும் பிரஷரைப் பற்றியும் பலருக்குப் பயம். ஓடும்போது மேல் எண் 180, 200 என்று போவதும் கீழ் எண் அப்படியே நிற்பதும் இயல்பு. எடை தூக்குவது வேறு கதை. 1985ல் கனடாவில் உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து அளந்தார்கள். இரு கால்களாலும் எடையைத் தள்ளியபோது சராசரி 320க்கு 250. ஒருவருக்கு 480க்கு 350ஐயும் தாண்டியது. சில நொடிகளில் இறங்கிவிடும் என்பதால் நலமான தமனி தாங்குகிறது. மூச்சை அடக்கித் தம்பிடிப்பதற்கும் இந்த ஏற்றத்தில் பெரும் பங்கு உண்டு. ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்கள் எடையைக் குறைத்து, தூக்கும்போது மூச்சை வெளிவிட வேண்டும். ஓய்விலேயே 180க்கு 120 காட்டினால் அன்று பயிற்சியே வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். அதோடு மார்புவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் இருந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

தாழ்ந்த பிரஷர் பற்றிச் சுருக்கமாக: 95க்கு 60 இருந்து தலைசுற்றல் இல்லையென்றால் அதற்கு மருந்தும் இல்லை, கவலையும் இல்லை. வேகமாக ஓடிவிட்டுச் சட்டென்று நிற்காதீர்கள். கால் தசைகள் மேலே தள்ளிக்கொண்டிருந்த ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும். சில நிமிடம் நடந்துகொண்டே தணியுங்கள்.

பிரஷர் மாத்திரை தேவைப்படுகிறவர்கள், மாத்திரை போட்டால் ஓட முடியாதே என்று தவிர்க்க வேண்டியதில்லை. ஓட்டத்தைப் பாதிக்காத மருந்துகள் உண்டு. பீட்டா பிளாக்கர் வகை நாடியை அடக்கிவைக்கும், அதைப் போடுகிறவருக்கு வாட்ச் காட்டும் உச்சத்துடிப்புக் கணக்கு எதுவும் பொருந்தாது. சிறுநீர் பெருக்கும் மாத்திரைகள் வெயிலில் ஓடுகிறவரின் நீரை வற்றவைக்கும். போட்டிகளில் கலந்துகொள்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: சர்வதேச ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளில் சிறுநீர் பெருக்கிகள் எப்போதும் தடை செய்யப்பட்டவை. பீட்டா பிளாக்கர் வில்வித்தை, துப்பாக்கிச் சுடுதல் போன்ற சில விளையாட்டுகளில் தடை. நீங்கள் எந்தப் போட்டிக்குத் தயாராகிறீர்கள் என்பதை மருந்துச்சீட்டு எழுதுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.