இரண்டு வருடம் முடிக்க விடுங்கள்

சேலம் நேயர்களுக்கு அன்பான வணக்கம். என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படையில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, பாதியில் நிறுத்திவிடும் பெற்றோரிடம் இன்று கொஞ்சம் பேச வந்திருக்கிறேன்.

ஏற்காடு பஸ்ஸில் மேலே போகும்போது பாதி வளைவுகள் தாண்டியதும் காது அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கினால் பட்டென்று திறந்துவிடும். அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருபதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டுவதற்குள் பலூன் மாதிரி உப்பியிருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்ததுதான். ஏன் என்று கேட்டால் மட்டும் வகுப்பே மௌனமாகிவிடும்.

பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தபோது, தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவையும் பல வருடம் கவனித்துக்கொண்டேன். புதிதாகச் சேரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என் முதல் பாடம் அந்த சிப்ஸ் பாக்கெட்தான். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய நாலாயிரம் அடி உயரம். அந்த உயரத்துக்குள் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வெளியே அழுத்தம் குறையக் குறைய, பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று விரிகிறது. விமானத்தில் உயரம் காட்டும் கருவியும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, அதை அடியாக மாற்றிக் காட்டுகிறது. அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

தேசிய மாணவர் படை 1948-இல் சட்டப்படி தொடங்கியது. விமானப் பிரிவு 1950-இல் வந்தது. அதன் கொடியில் சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர் நீலம் நம் பிரிவுக்கு. பள்ளியில் இரண்டு வருடப் பயிற்சி முடித்து, பரேடுக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இருந்தால் 'ஏ' சான்றிதழ் தேர்வு எழுதலாம். கல்லூரிக்குப் போனால் 'பி', 'சி'. 'சி' வைத்திருப்பவர்களுக்கு விமானப்படை அதிகாரி வேலைக்குத் தனி நுழைவு உண்டு.

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "சேந்தா பிளேன் ஓட்டச் சொல்லித் தருவாங்களா சார்?" என்பது. மறைக்காமல் சொல்கிறேன். மைக்ரோலைட் என்ற இரண்டு பேர் உட்காரும் சிறு விமானத்தில் பறக்கும் வாய்ப்பு பெரும்பாலும் கல்லூரிக் கேடட்டுகளுக்குத்தான். இன்னொரு பயமும் சிலருக்கு உண்டு: சேர்த்துவிட்டால் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று. அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. சேர்வதும் பிள்ளையின் விருப்பம், பின்னால் படையில் சேர்வதும் அவர்கள் விருப்பம்.

அப்படியென்றால் பள்ளியில் என்னதான் கிடைக்கிறது? ஒரு சம்பவம் சொல்கிறேன்.

பால்சா மரத்தில் கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாமல் மிதக்கும் விமானத்தின் சிறு மாதிரி, செய்யும் வகுப்பு. பால்சா என்பது நகம் பட்டாலே பள்ளம் விழும் மென்மையான மரம். ஒரு மாணவி மூன்று வாரம் உட்கார்ந்து இறக்கையை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து முடித்திருந்தாள். மைதானத்தில் எறிந்தாள். கிளைடர் மூக்கைத் தூக்கி மேலே போய், ஒரு நொடி அப்படியே நின்று, பொத்தென்று விழுந்தது. மறுபடி எறிந்தாள், அதே கதை. கண் கலங்கிவிட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தாங்கிப் பார்த்தாள். வால் தாழ்ந்தது. வாலை ஒட்டும்போது பசை அதிகமாகிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. எம்-சீலில் சுண்டைக்காய் அளவு எடுத்து மூக்கில் ஒட்டினாள். இந்த முறை கிளைடர் தரையை ஒட்டி நிதானமாக மிதந்து, கொடிக்கம்பத்தைத் தாண்டிப் போய் இறங்கியது. எடை சமமாகத் தாங்கும் புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். அந்தச் சொல்லை அவள் அதற்குப் பிறகு மறந்திருக்க மாட்டாள்.

அந்த மாணவி 'ஏ' தேர்வு எழுதவில்லை. தேர்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். "அடுத்த வருஷம் பத்தாவதுங்க சார். சனிக்கிழமைதான் டியூஷன் வெச்சிருக்காங்க. இனிமே பரேடு வேண்டாங்க." கோபமாகப் பேசவில்லை, கெஞ்சிக் கேட்பதுபோல்தான் கேட்டார். நானும் அன்று வலியுறுத்திப் பேசவில்லை. அது என் தவறு. இன்று இந்த மைக் முன்னால் உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

அந்த வருடம் மட்டும் இப்படி ஆறு பேர் பாதியில் நின்றார்கள். நாலு பேர் பெண் பிள்ளைகள். முதல் வருடம் என்பது பெரும்பாலும் காலை ஒழுங்காகத் தூக்கி வைப்பதும், 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்ற இந்தி ஆணைக்குப் பழகுவதும், ஷூவுக்கு பாலிஷ் போடுவதும்தான். பிள்ளைக்கே அலுப்புத் தட்டும். விமானம் ஏன் பறக்கிறது, சித்திரை வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் விமானம் ஓடுபாதையில் ஏன் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கிறது, படுத்த நிலையில் மூச்சைக் கட்டி .22 ரைஃபிளை எப்படிச் சுட வேண்டும், பத்து நாள் முகாமில் முகம் தெரியாத ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே தட்டுக் கழுவும் குழாயில் எப்படி வரிசையில் நிற்பது, இதெல்லாம் போகப் போகத்தான் வரும். நீங்கள் நிறுத்துவது சரியாக அந்த நேரத்தில்.

டியூஷன் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். டியூஷன் எடுப்பவரும் நம் ஊர்க்காரர்தானே, கேட்டால் மாற்றித் தருவார். பரேடுக்குப் பொறுப்பான ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள்.

எல்லாப் பள்ளியிலும் விமானப் பிரிவு இருக்காது. தரைப்படைப் பிரிவு மட்டும் இருந்தால் அதில் சேர்த்துவிடுங்கள், தயங்க வேண்டாம். வயது வரம்பு உண்டு. ஓட்டமும் உடல் தகுதியும் பார்ப்பார்கள். பள்ளி திறந்ததும் பிள்ளையின் வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு படிவம் வீட்டுக்கு வரும். அதில் கையெழுத்துப் போடும் அன்றே, டியூஷனை எந்தக் கிழமைக்கு மாற்றலாம் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள்.

வணக்கம்.