கட்டிக்குள் ஓடும் இரத்தம்: டொப்ளர் ஸ்கானில் நிறம் எதைச் சொல்கிறது?

[திரையில்: கறுப்பு வெள்ளை ஸ்கான் படம். நடுவில் சிவப்பும் நீலமும் மினுங்குகின்றன]

வணக்கம். ஸ்கான் மேசையில் படுத்திருப்பவரின் கண் எப்போதும் திரையில்தான். கட்டிக்குள் சிவப்பு மினுங்கினால் போதும், "டொக்டர், சிவப்பாக் கிடக்கு, கான்சரோ?" என்று கேட்டுவிடுவார்கள். அப்படி இல்லை. வழமையான அமைப்பில், இரத்தம் உடலில் வைக்கும் ஸ்கான் கருவியை நோக்கி வந்தால் சிவப்பு, விலகிப் போனால் நீலம். எது நாடி, எது நாளம் என்பதைக்கூட நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

[திரையில்: கொக்குவில் புகையிரதக் கடவை]

யாழ்தேவி கடவையை நெருங்கும்போது ஹோர்ன் சத்தம் கூர்மையாகக் கேட்கும், தாண்டியதும் சட்டென்று தணியும். 1842இல் ஒஸ்திரிய பௌதிகவியலாளர் கிறிஸ்டியன் டொப்ளர் விளக்கியது இந்த மாற்றத்தைத்தான். அவர் பேசியது நட்சத்திர ஒளியைப் பற்றி என்பது வேறு கதை. ஸ்கானில் கருவி அனுப்பும் ஒலி, ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்புகிறது. போன அதிர்வெண்ணுக்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து இயந்திரம் வேகத்தைக் கணக்கிடும்.

சரி, கட்டிக்கு வருவோம். புற்றுக் கட்டி ஓரிரு மில்லிமீற்றரைத் தாண்டி வளர, அதற்கெனப் புதிய இரத்தக் குழாய்கள் வேண்டும். இதை 1971இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன் முன்வைத்தார். அவசரத்தில் முளைக்கும் இந்தக் குழாய்கள் ஒழுங்கில்லாதவை: கோணல்மாணலாக ஓடும், சுவரில் தசை குறைவு, சில இடங்களில் நாடி நேரே நாளத்தோடு இணைந்துவிடும். கழுத்து நெறியை, அதாவது நிணநீர்க் கணுவைப் பாருங்கள். நல்ல நெறியில் குழாய் நடுவால் நுழைந்து கிளை விடும். புற்றுநோய் பரவிய நெறியில் ஓரங்களாலும் நுழையலாம். ஆகவே எவ்வளவு நிறம் என்பதைவிட, எங்கே, எப்படி ஓடுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

[திரையில்: கருவி மார்பின் மேல் மெதுவாக நகர்கிறது. கை அழுத்த, நிறம் மறைகிறது]

இதைக் கவனியுங்கள். கை சற்று அழுத்தியதும் நிறம் போய்விட்டது! கட்டி மாறவில்லை, சின்னக் குழாய்கள் நசுங்கிவிட்டன. அதனால்தான் ஜெல்லை நிறையப் போட்டு, கருவியைப் பட்டும் படாமலும் பிடிப்பார்கள். ஒலி குழாயின் குறுக்கே 90 பாகையில் பட்டாலும் ஓட்டம் தெரியாமல் போகலாம். வேக அளவுகோலை உயர்த்தி வைத்திருந்தால், மெல்ல ஓடும் இரத்தம் படத்திலேயே வராது. அந்த மெல்லிய ஓட்டத்தைப் பிடிக்க பவர் டொப்ளர் என்ற இன்னொரு டொப்ளர் முறை நல்லது. ஆனால் வழமையான பவர் டொப்ளர் திசையைக் காட்டாது.

கிருமித் தொற்றுள்ள இடத்திலும் நிறம் கொட்டும். மார்பில் வரும் சாதாரண நார்க்கட்டியிலும் குழாய்கள் இருக்கலாம். மறுபக்கம், சில புற்றுக் கட்டிகளில் நிறமே தெரியாது. அப்புறம் எதற்கு இந்த ஸ்கான் என்று கேட்பீர்கள். சந்தேகம் இருந்தால் ஊசியால் சதை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். அந்த ஊசி எங்கே போக வேண்டும் என்பதற்கு டொப்ளர் கைகொடுக்கும்: பெரிய குழாயைத் தவிர்க்கலாம், செத்துப்போன நடுப்பகுதியை விட்டு, இரத்தம் ஓடும் உயிருள்ள பகுதியில் எடுக்கலாம்.

தெல்லிப்பழை புற்றுநோய் கிளினிக்குக்குப் போகிறவர்கள் பழைய அறிக்கையோடு படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். இயந்திரமும் அமைப்பும் மாறினால் நிறமும் மாறும் என்பதால், சிகிச்சைக்குப் பிறகு ஒப்பிட வேண்டியிருந்தால், முடிந்தவரை முன்பு எடுத்த இடத்திலேயே ஸ்கான் எடுப்பது நல்லது.