பெட்டியில் போட்ட வாட்டும் மாடியில் கேட்கும் சத்தமும்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ ஒரு பார்ட்டி ஸ்பீக்கரைப் பார்க்கப் போனால், அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ஓர் எண் இருக்கும். 3000 வாட், 5000 வாட், சிலவற்றில் 10,000 வாட்கூட. அந்த எண்ணின் பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருந்தால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். கண நேர உச்சத்தைப் பெருக்கிக் காட்டும் எண் அது. எப்படி அளக்க வேண்டும் என்று அதற்குப் பொது விதி கிடையாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5000 வாட் எடுக்க வேண்டுமென்றால் 400 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய ஒயர் அதைத் தாங்குமா?

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். எத்தனை வாட் என்பதை. ஸ்பீக்கர் பெட்டி தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதுதான். ஆனால் அதைத் தெரிந்துகொண்டாலும் பாதி விஷயம்தான் தெரிந்தது. சத்தத்தை அளக்கும் அலகு டெசிபெல்; சக்தியை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய சுமார் 10 டெசிபெல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு சக்தி தேவை. ஆகவே 80 வாட் பெட்டியை விட்டு 160 வாட் பெட்டிக்குக் கூடுதல் பணம் கொடுக்கும்போது, சத்தம் இரட்டிப்பாகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

மிச்சத்தைத் தீர்மானிப்பது சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் கேட்கிறது என்பது அது. 93 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் 20 வாட்டில் செய்யும் வேலையை, 84 டெசிபெல் ஸ்பீக்கர் செய்ய 160 வாட் வேண்டும். பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு இது உயிர்நாடி. சில கம்பெனிகள் மேக்ஸ் எஸ்.பி.எல். என்று உச்ச டெசிபெல்லையும் போடுகிறார்கள். போட்டிருந்தால் வாட்டை விட்டுவிட்டு அதை ஒப்பிடுங்கள்.

அடுத்தது தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். பெட்டிக்கு 3 அடியில் 100 டெசிபெல் என்றால் 6 அடியில் 94, 12 அடியில் 88, 24 அடியில் 82. மாடியின் மறுகோடியில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவுக்குப் பாட்டு கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றினால், பெட்டிக்கு முன்னால் ஆடும் பிள்ளைகளின் காதில் 100 டெசிபெல்லுக்கு மேல் போய் விழும். 85 டெசிபெல்லை ஒருவர் எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது தொழில்சார் செவிப் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகிக்கொண்டே வரும். 100 டெசிபெல்லுக்குக் கணக்கு வெறும் 15 நிமிடம். குழந்தைகள் பெட்டியின் முன்னாலேயே போய் நிற்பார்கள். அவர்களைத் தள்ளி நிறுத்துவது நம் பொறுப்பு.

அதனால்தான் பெரிய பெட்டி ஒன்றைவிட நடுத்தரப் பெட்டி இரண்டு நல்லது என்று உறுதியாகச் சொல்கிறேன். ஆளுக்கு அருகிலேயே சத்தம் இருக்கும். எந்தப் பெட்டியையும் அலறவிட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்குப் போவதும் குறையும். 30 அடிக்கு 20 அடி மாடியில் முப்பது நாற்பது பேருக்கு, ஆறரை இஞ்ச் அல்லது எட்டு இஞ்ச் வூஃபரோடு (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) 50 முதல் 80 வாட் ஆர்.எம்.எஸ். உள்ள பெட்டிகள் இரண்டு போதும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 100 முதல் 160 வாட்டுக்குள் பாருங்கள். வீட்டுக்குள் பத்துப் பதினைந்து பேருக்கு 30, 40 வாட்டே தாராளம். தெருவை அடைத்துப் பந்தல் போட்டு நூறு பேருக்கு மேல் வருகிறார்கள் என்றால், ஆடி மாசம் கூழ் ஊற்றும் விசேஷமாக இருந்தாலும் கல்யாண வரவேற்பாக இருந்தாலும், சொந்தமாக வாங்காதீர்கள். சவுண்டு சர்வீஸ்காரரை வைத்துக்கொள்வதுதான் சரி. வருஷத்தில் ஒரு நாளுக்காக 25 கிலோ பெட்டியை வீட்டில் அடைத்து வைப்பதில் பயனில்லை.

இரண்டு பெட்டிகளை ஒயர் இல்லாமல் இணைக்க, பெரும்பாலும் இரண்டும் ஒரே கம்பெனியின் ஒத்துப்போகும் மாடலாக இருக்க வேண்டும். இணைத்த பிறகு மைக் சத்தம் பல மாடல்களில் முதல் பெட்டியில் மட்டும்தான் வரும். விசேஷத்தன்று அல்ல, கடையிலேயே அதைப் பார்த்துவிடுங்கள்.

கடையில் எப்படிச் சோதிப்பது? கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பெட்டி எதில் நன்றாகக் கேட்குமோ அதைத்தான் அவர் வைத்திருப்பார். உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டுகளைப் போனில் இறக்கிக்கொண்டு போங்கள்: ஒரு குத்துப்பாட்டு, ஒரு மெலடி, ஒரு கானா. கானா அவசியம். டேப் வாத்தியமும் டோலக்கும் மேலே அடிக்க, நடுவில் மனிதக் குரல் தெளிவாக வருகிறதா என்பதைக் கானா காட்டிக்கொடுத்துவிடும். வடசென்னை விசேஷத்தில் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்துப் பாடத்தான் போகிறார். தும் தும் என்ற அடி மட்டும் பலமாக வந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால், அந்தப் பெட்டி நமக்கு உதவாது.

முதலில் சார்ஜர் ஒயரைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள். கரண்டில் ஓடும்போது கிடைக்கும் முழுச் சக்தி, சில மாடல்களில் பேட்டரியில் கிடைக்காது. பேஸ் பூஸ்ட், கலர் விளக்கு இரண்டையும் அணைக்கச் சொல்லுங்கள். வால்யூமைப் பாதியில் வைத்துக் கேட்டுவிட்டு மெல்ல ஏற்றுங்கள். முக்கால் பங்கைத் தாண்டும்போது இந்த மூன்றில் ஏதாவது ஒன்று நடக்கும். நல்ல பெட்டியில் எல்லாம் சேர்ந்து ஏறும். சின்னப் பெட்டியில் பேஸ் மட்டும் திடீரென்று மெலியும். வூஃபர் கிழியாமலிருக்க உள்ளே இருக்கும் சர்க்யூட் அதைக் குறைக்கிறது. மட்டமான பெட்டியில் குரல் சொரசொரவென்று உடையும். ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டி, அலையின் தலையை வெட்டி அனுப்புகிறது என்று அர்த்தம். அப்படி வெட்டுப்பட்ட அலையில் உயர் சுருதிச் சக்தி அதிகம். உயர் சுருதியைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் சுருளை அது சூடாக்கி எரித்துவிடும். விசேஷம் முடிந்த மறுநாள் 'கிரிஸ்ப்பே போச்சு, மொத்தையா கேட்குது' என்று சர்வீஸுக்கு வரும் பெட்டிகளில் பல, போனிலும் ஃபுல், பெட்டியிலும் ஃபுல், அதற்கு மேல் பேஸ் பூஸ்ட் என்று ஓட்டப்பட்டவைதான்.

சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வையுங்கள். லேசான அதிர்வு சகஜம். கடகடவென்று எங்காவது ஒலித்தால் கிரில்லோ கைப்பிடியோ தளர்ந்திருக்கிறது. டார்ச் அடித்துக் கிரில் வழியாகப் பாருங்கள். மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் ட்வீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மூடியும் விளக்கும்தான் இருக்கும். பிறகு கடைக்கு வெளியே வந்து 25 அடி தள்ளி நின்று கேளுங்கள். கடைக்குள் நாலு சுவரும் பேஸைக் கூட்டிக் காட்டும். மாடியில் அந்தச் சுவர்கள் கிடையாது. கடையில் 'நெஞ்சில் அடிக்கிறது' என்று தோன்றிய பெட்டி மாடியில் சப்பென்று போவதற்கு இதுதான் காரணம்.

தூக்கியும் பாருங்கள். தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ மூன்றாவது மாடிக்கு ஓர் ஆள் ஏறும் படிக்கட்டில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறப்போவது நீங்கள்தான். சின்னச் சக்கரம் வழவழப்பான தரையில்தான் உருளும். 10 கிலோவுக்கு மேல் போனால் யோசியுங்கள். பில்லோடு வாங்குங்கள், பெட்டியில் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரியை வாட்-ஹவர் கணக்கில் பார்க்க வேண்டும். சக்கரம் வைத்த டிராலி ஸ்பீக்கர்கள் பலவற்றில் வருவது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-ஹவர். பாட்டின் சராசரிச் சக்தி உச்சத்தைவிட மிகக் குறைவு என்பதால், சத்தமாகவே ஓட்டினாலும் 100 வாட் பெட்டி சராசரியாக இழுப்பது, விளக்கையும் சேர்த்து, 20, 25 வாட் அளவில் இருக்கும். அப்படிப் பார்த்தால் சுமார் மூன்று, நான்கு மணி நேரம். பெட்டியில் 12 மணி நேரம் என்று போட்டிருந்தால், அது மிதமான வால்யூமில், பெரும்பாலும் விளக்கை அணைத்துச் சொன்னது. விசேஷக் கணக்குக்கு அதை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். லெட் ஆசிட் கனம் அதிகம். ஆனால் செத்துப்போனால் யூ.பி.எஸ். பேட்டரி விற்கும் எந்தக் கடையிலும் வாங்கி மாற்றலாம். லித்தியம் இலகு, நீடித்தும் உழைக்கும். ஆனால் உள்ளே பூட்டிவைத்த பேக் என்றால் அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரையே நம்ப வேண்டும். பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

இனி மாடியில் வைக்கும் விதம். தரையில் வைக்காதீர்கள். முன்வரிசை ஆட்களின் கால்கள் குரலை மறைத்துவிடும்; கீழ்வீட்டுக்காரருக்குக் கூரையில் யாரோ இடிப்பதுபோல் கேட்கும். ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் இது பெரிய தொல்லை. பலமான ஸ்டூலில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் பெட்டியை வையுங்கள். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். பெட்டியின் முதுகு படிக்கட்டு அறைச் சுவரை ஒட்டி இருந்தால் பேஸ் தானாகக் கூடும். முகம் நம் ஆட்களைப் பார்க்கட்டும், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்கவே கூடாது. நம் சந்துகளில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சத்தம் மாறி மாறி மோதித் தேங்கும்.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போகாதீர்கள். ப்ளூடூத் அலையை மனித உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். பாட்டு விட்டு விட்டு வரும். பெட்டிக்குப் பக்கத்திலேயே போனை வைத்து, ஃப்ளைட் மோடில் போட்டு ப்ளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். பாட்டுக்கு நடுவே ரிங்டோன் அலறாது.

மைக்குக்குப் பெரிய பின், அதாவது 6.35 மில்லிமீட்டர் ஜாக் உள்ள பெட்டியாக, மைக்குக்குத் தனி வால்யூம் திருகு உள்ளதாக வாங்குங்கள். மைக் கூவுகிறது என்றால், பெட்டியின் சத்தம் மறுபடி மைக்குக்குள் நுழைந்து சுற்றுகிறது. பாடுபவர் பெட்டிக்கு முன்னால் நிற்காமல் பின்பக்கமோ பக்கவாட்டிலோ நிற்க வேண்டும். எக்கோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க ஸ்டைலாக இருக்கலாம். ஆனால் பின்பக்கச் சத்தத்தைத் தடுக்கும் அமைப்பை அது அடைத்துவிடும், கூவல் இரட்டிப்பாகும். தண்டைப் பிடித்து, வாயிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பாடச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குகளுக்குள் விலக்கு உண்டு. மொட்டைமாடி மூடிய இடம் ஆகாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் வரம்பு. தனியார் இடத்தில் ஓடும் ஒலிக்கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பைவிட 5 டெசிபெல்லுக்கு மேல் போகக்கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் தூரத்தை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். ஸ்டான்லிக்கும் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கும் அருகில் குடியிருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பிரசவ வார்டில் படுத்திருப்பவருக்கு நம் குத்துப்பாட்டு தேவையில்லை. பந்தல் போட்டுத் தெருவில் வைப்பதானால் முன்கூட்டியே எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும்.

காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். ஐ.பி. 67 என்று போட்டிருக்கும் பெட்டி தூசிக்கும், ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரத்துக்கும் தாங்கும், ஐ.பி.எக்ஸ். 4 என்றால் தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும். உப்புக்காற்றுக்கு இந்த எண்கள் பொறுப்பேற்காது. கடற்கரைக்குக் கொண்டுபோய் வந்தால், பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். சார்ஜிங் ஓட்டையில் ஈரம் இருக்கும்போது சார்ஜ் போட்டால் பின் பச்சை பூத்து அரித்துவிடும். மே மாத வெயிலில் கறுப்புப் பெட்டியை மாடியில் போட்டுச் சார்ஜ் ஏற்றவும் கூடாது.

விசேஷம் முடிந்து பரணில் போடும்போது லித்தியம் பெட்டியைப் பாதிச் சார்ஜில் வையுங்கள். லெட் ஆசிட் என்றால் முழுச் சார்ஜ் ஏற்றி வைத்து, மாதம் ஒருமுறை மறக்காமல் சார்ஜ் போடுங்கள். காலியாகவே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து, அடுத்த விசேஷத்தில் பத்து நிமிடம்கூடத் தாங்காது. வணக்கம்.