விதி வந்தாச்சு, எம்.பி. என்ன செய்யலாம்?

(திரையில்: ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தை. துண்டுக்கடியில ரெண்டு கைகள்.)

துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசி முடிச்சா மாடு கை மாறிடும். இங்க காலங்காலமா அப்படித்தானுங்க. 2017 மே 23-ஆம் தேதி மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்துச்சு. மாட்டை ஓட்டிட்டு வர்றவர், 'வெட்டுக்கு விக்கலை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்னு அது சொல்லுச்சு. வாங்குறவர் ஆறு மாசத்துக்குத் திருப்பி விக்கக் கூடாதுன்னுச்சு. வித்ததுக்கான சீட்டு அஞ்சு நகல் கேட்டுச்சு.

இந்த விதிக்கு எந்த எம்.பி.யும் ஓட்டுப் போடலைங்க. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தோட 38-ஆவது பிரிவு, விதி எழுதுற அதிகாரத்தை அரசுக்கே கொடுத்திருக்கு. அதை வெச்சு அமைச்சகம் எழுதுனது. இப்படி வர்றதுக்குப் பேர் சார்நிலைச் சட்டம்.

(திரையில்: பிரிவு 38ஏ)

அதே சட்டத்துல 38ஏ பிரிவையும் படிங்க. விதியை ரெண்டு அவை முன்னாடியும், கூட்டம் நடக்குறப்ப, மொத்தம் 30 நாள் வைக்கணும். எந்தக் கட்சி உறுப்பினரா இருந்தாலும் 'திருத்தணும்', 'ரத்து செய்யணும்'னு தீர்மானம் கொடுக்கலாம். ரெண்டு அவையும் ஒத்துக்கிட்டாத்தான் விதி மாறும். மாறினாலும், அதுவரைக்கும் அந்த விதிப்படி நடந்தது செல்லும்.

பெரும்பான்மை அரசு கையில இருக்கு, அப்புறம் தீர்மானம் எதுக்குன்னு கேப்பீங்க. 2012-ல தகவல் தொழில்நுட்ப விதிகளை ரத்து செய்யச் சொல்லி மாநிலங்களவையில கேரள எம்.பி. பி.ராஜீவ் தீர்மானம் கொண்டு வந்தார். நிறைவேறலை. ஆனா அமைச்சர் கபில் சிபல் எழுந்து பதில் சொல்லி, எல்லார்கிட்டயும் கலந்து பேசுறோம்னு அவையில வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கு அவைக் குறிப்புல ஏறிருச்சு. அதைக் காட்டி நாளைக்கும் கேக்கலாம், அதனாலதான் இதை நான் பெருசா மதிக்கிறேன். பிரிட்டன் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் அவையில 'வருந்துகிறோம்'னே தீர்மானம் போடுவாங்க. விதி அப்படியே நிக்கும், அதிருப்தி பதிவாகும்.

இதுபோக, மக்களவையில 15 பேர் கொண்ட சார்நிலைச் சட்டக் குழு இருக்கு. அமைச்சர்களுக்கு அதுல இடமில்லை. மூலச் சட்டம் கொடுத்த அதிகாரத்தை விதி தாண்டுதான்னு பாக்குறது அவங்க வேலை.

(திரையில்: 2017 நாள்காட்டி)

மாட்டுச்சந்தை விதி வந்தப்ப நாடாளுமன்றமே கூடலைங்க. மே 30-ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டுச்சு. ஜூலை 11-ல அந்தத் தடையை உச்சநீதிமன்றம் நாடு முழுக்க நீட்டுச்சு. மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கினது ஜூலை 17. அவை கூடுற வரைக்கும் விவசாயிக்கு நீதிமன்றம்தான் வழி.

அடுத்து ஒரு விதி உங்க தொழிலைத் தொட்டுச்சுன்னா, அதோட பேரு, அரசிதழ் தேதி, மூலச் சட்டத்தோட பிரிவு மூணையும் எழுதி உங்க எம்.பி. கையில கொடுங்க. 'இதுக்குத் தீர்மானம் கொடுங்க'ன்னு நேரடியாவே கேளுங்க.