நுரையீரல் ஆபரேஷனா? முதலில் ஏழு மாடி ஏறுங்கள்!

வணக்கம் சொந்தங்களே! டர்பனில் ஒரு தாத்தாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பக் கட்டம்தான், வெட்டி எடுத்தால் குணமாக வாய்ப்பு உண்டு. அடுத்து டாக்டர், "வாங்க தாத்தா, படி ஏறலாம்" என்கிறார். லிஃப்ட் கெட்டுவிட்டதா? இல்லை, பரிசோதனையே அதுதான்!

பின்னணியைச் சட்டென்று முடிக்கிறேன். இதயம் எப்படி, சமீபத்தில் மாரடைப்பு வந்ததா, தன் வேலையைத் தானே செய்கிறாரா, எல்லாம் பார்ப்பார்கள். சிகரெட்டை இன்றே விடச் சொல்வார்கள். சரி, எனக்குப் பிடித்த கணக்குக்கு வருவோம்.

முதலில் ஒரு குழாயில் பலமாக ஊதவேண்டும்: ஸ்பைரோமெட்ரி. முதல் நொடியில் வெளியேறும் காற்று, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்கவேண்டியதில் எத்தனை சதவீதம்? நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று இன்னொரு சோதனையும் உண்டு.

(திரையில் வீட்டுப் படம்)

இரண்டு நுரையீரலையும் 19 அறை கொண்ட வீடாக நினையுங்கள். வலப்பக்கம் 10, இடப்பக்கம் 9. தாத்தா ஊதியது 60 சதவீதம். வலது மேல் மடலை, அதாவது வலது நுரையீரலின் மேல் பிரிவை, எடுத்தால் 3 அறை போகும், மீதி 16. அறுபதை 16-ஆல் பெருக்கி 19-ஆல் வகுங்கள்: சுமார் 50. வலது நுரையீரலையே எடுத்தால் மீதி 9 அறைதான், சுமார் 28! ஒரே மனிதர், எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது நம்ம ஊர் சமாசாரம். தென்னாப்பிரிக்காவில் காசநோய் அதிகம். அது பெரும்பாலும் மேல் மடலைத்தான் தழும்பாக்கிவிட்டுப் போகும். கட்டியும் அதே மடலில் இருந்தால்? ஏற்கெனவே பூட்டிக் கிடக்கும் அறையைத்தான் இடிக்கிறோம், இழப்பு கணக்கு சொல்வதைவிடக் குறையலாம்! எதிர்ப்பக்கம் தழும்பு இருந்தால் கதை தலைகீழ். அதனால்தான் எந்தப் பகுதிக்கு ரத்தம் போகிறது என்று தனி ஸ்கேன் எடுக்கிறார்கள். எனக்கு இதுதான் அழகான பகுதி. ரசித்தவர்கள் ஒரு லைக் போடுங்கள்.

மீதிக் கணக்கு இரண்டு சோதனையிலும் 60-க்கு மேல் என்றால் நுரையீரல் பக்கம் பெரிய கவலை இல்லை. 30-க்கும் 60-க்கும் நடுவே என்றால் படிக்கட்டு. அமெரிக்க மார்பு மருத்துவர்களின் 2013 வழிகாட்டுதல் கேட்பது 22 மீட்டர் உயரம், ஏறக்குறைய ஏழு மாடி. இல்லையென்றால் பீப் சத்தத்துக்கு வேகத்தைக் கூட்டிக்கொண்டே முன்னும் பின்னும் 400 மீட்டர் நடை. முடியவில்லையா, அல்லது கணக்கு 30-க்கும் கீழா? முகமூடி மாட்டி சைக்கிள் மிதிக்கவைத்து ஆக்சிஜனை அளப்பார்கள். உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு 20 மில்லிக்கு மேல் நல்லது. 10-க்குக் கீழே ஆபத்து.

"எழுபது தாண்டிவிட்டது, எதற்கு ஆபரேஷன்" என்று சொல்லும் உறவினர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். தைப்பூசத்துக்கு வெறுங்காலில் காவடி எடுக்கும் தாத்தாக்களைப் பார்த்ததே இல்லையா? வயதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

அப்புறம், ஆபரேஷன் தாங்காது என்றால் குணமாக வழியே இல்லை என்று அர்த்தமில்லை. சிறிய, பரவாத கட்டி என்றால் அதைக் குறிவைத்துச் சில தவணைகளில் பலமான கதிர்வீச்சு கொடுக்கலாம். அதுவும் குணப்படுத்தும் நோக்கத்தில்தான். தாத்தாவோடு டாக்டரிடம் போகும் பேரப்பிள்ளைகளே, இதைக் கேட்காமல் வெளியே வராதீர்கள்.