நாய்க்கு பிசியோதெரபி: கைக்கு முன்னால் கண்ணுக்குப் பயிற்சி

(திரையில்: கண்ணாடித் தொட்டிக்குள், இடுப்பளவு தண்ணீரில், டிரெட்மில்லில் நடக்கும் லேப்ரடார்)

இந்த நாய்க்கு முழங்கால் லிகமென்ட் அறுந்து, ஆபரேஷன் முடிந்திருக்கிறது. தரையில் விட்டால் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில்தான் நொண்டும். தண்ணீருக்குள் பாருங்கள், நான்கையும் ஊன்றுகிறது. தண்ணீர் இடுப்பு மூட்டு வரை இருந்தால், உடல் எடையில் சுமார் 38 சதவீதத்தைத்தான் கால்கள் தாங்க வேண்டியிருக்கும். முழங்கால் மட்டத்துக்கு இறக்கினால் அது 85 சதவீதமாகிவிடும். எந்த வாரத்தில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துப் பார்த்து மாற்றுகிறாரே, அவர்தான் நாய்களுக்கான பிசியோதெரபிஸ்ட். அந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

மசாஜ்தானே, நாய் என்றால் எனக்கு உயிர், கற்றுக்கொண்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பிரியம் கட்டாயம் வேண்டும். ஆனால் வகுப்பில் கை வைப்பதற்கு முன்பே, நாய் நடப்பதைப் பார்க்கக் கற்றுத் தருகிறார்கள்.

(திரையில்: வேக நடையில் ஒரு நாய், ஸ்லோ மோஷனில்)

தலையை மட்டும் கவனியுங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகிறது. நல்ல கால் ஊன்றும்போது கீழே வருகிறது. நாய் தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் சுமக்கிறது. அதனால் வலிக்கும் காலின் பாரத்தைக் குறைக்கத் தலையைத் தூக்கிக்கொள்கிறது. பின்னங்காலில் வலி என்றால் இடுப்பு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். அது பழகக் கொஞ்சம் நாளாகும்.

அடுத்தது உடற்கூறு. மனிதர்களுக்கு இருப்பதுபோல் தோளை உடம்போடு இணைக்கும் காறை எலும்பு நாய்க்குக் கிடையாது. இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே நெஞ்சுக்கூடு தசைகளாலேயே தூளி மாதிரி தொங்குகிறது. ஒரு பின்னங்காலுக்கு ஆபரேஷன் ஆன நாயின் தோள்களைத் தொட்டால் இறுகிக் கிடப்பது அதனால்தான்; பின்னால் தாங்காத எடையெல்லாம் அங்கே வந்து சேர்கிறது. ஆபரேஷன் ஆன காலை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார்.

சரி, இப்போது கைக்கு வருவோம். முதலில் உள்ளங்கையால் நீளமாக, மெதுவாகத் தடவுவார்கள். எங்கே சூடு, எங்கே இறுக்கம், எங்கே தோல் துடிக்கிறது என்று கை தேடும். பிசைவதும் அழுத்துவதும் அப்புறம்தான். நாய் உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, கண்ணின் வெள்ளை தெரியத் திரும்பினாலோ கையை எடுத்துவிட வேண்டும். வலிக்கிறது என்று அது சொல்வது இப்படித்தான்.

தொடையின் சுற்றளவை டேப்பால் அளப்பது, மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோணமானியால் பார்ப்பது எல்லாம் பாடத்தில் உண்டு. லேப்ரடாரின் முழங்கால் சாதாரணமாக 42 டிகிரி வரை மடங்கும், 162 வரை நீளும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே ஆள் அளந்தால்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு.

(திரையில்: நிற்கும் டாக்ஸ்ஹண்டின் பின்பாதத்தை மடக்கி, புறப்பக்கம் தரையில் படும்படி வைக்கும் கை)

எனக்கு இந்தப் படிப்பில் மிக முக்கியமாகப் படும் பாடம் இது. ஆரோக்கியமான நாய் பாதத்தை உடனே திருப்பி வைத்துவிடும். அப்படியே விட்டுவிட்டு நின்றால் நரம்பில் கோளாறு இருக்கலாம். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் நழுவி நரம்பை அழுத்துவது, நீள உடம்பும் குட்டைக் கால்களும் உள்ள டாக்ஸ்ஹண்டுகளில் அதிகம். திடீரென்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வருகிற நாய்க்கு மசாஜ் செய்யவே கூடாது. அன்றே, அந்த மணி நேரமே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். காய்ச்சல், ஆறாத காயம், புற்றுக்கட்டி இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

யார் படிக்கலாம்? அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகச் சான்றிதழ் படிப்பு கால்நடை மருத்துவர்கள், மனிதர்களுக்கான பிசியோதெரபிஸ்டுகள், கால்நடை டெக்னீஷியன்கள் போன்றவர்களுக்கானது. நாய்களுக்கான பிசியோதெரபி கற்றுத்தரும் கெனைன் ரீஹேபிலிடேஷன் இன்ஸ்டிட்யூட்டில் தெரபிஸ்ட் சான்றிதழ் முதல் இரு தரப்புக்குத்தான். டெக்னீஷியன்களுக்குத் தனிச் சான்றிதழ். மசாஜ் மட்டும் போதும் என்பவர்களுக்கு வாசல் அகலம். அங்கே அதற்கான தேசியச் சான்றிதழ் வாரியம் 200 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. ஆனால் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் மசாஜ் செய்யலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பிரிட்டனில் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயைக் கண்டறிவது கால்நடை மருத்துவரின் வேலை. அவர் நாயைப் பரிசோதித்து, அவருடைய வழிகாட்டுதலில்தான் மற்றவர் பிசியோதெரபி செய்யலாம் என்று 2015-இன் விலக்கு ஆணை சொல்கிறது. இந்தக் கட்டுப்பாடு சரி என்றே நான் நினைக்கிறேன். வலியின் காரணம் தெரியாமல் அழுத்தினால் பாதிக்கப்படுவது நாய்தான்.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: உயிருள்ள நாய்களோடு, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, எத்தனை மணி நேரம் பயிற்சி? பாடம் முழுவதும் வீடியோவிலேயே முடிந்துவிடும் என்றால் வேறு இடம் பாருங்கள். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை இந்த வீடியோவாலும் சொல்லித்தர முடியாது.